அப்பா கேட்காத மீதிக்கதை

வெயிலில் காய்ந்த "பேட்டரிக்கட்டை"யைத் தொட்டால் கை சுடும். தீர்ந்துபோன கட்டையை மாடியில் காயப்போட்டு, உயிர் வந்துவிட்டது என்று நம்பி மறுபடி ரேடியோவில் போடுவோம். எங்கள் திருச்சுழிப் பக்கத்து வெயிலுக்கு அதுவும் கொஞ்ச நேரம் பாடத்தான் செய்யும்.

பருத்திக் காட்டிலிருந்து வந்ததும் கதையோ நாடகமோ இலக்கியப் பேச்சோ, எது வந்தாலும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வீட்டில் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், ரேடியோ சொன்னால் மட்டும் தலையாட்டுவார். பன்னிரண்டாவது முடித்த அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அவளுக்கோ அருப்புக்கோட்டையில் கல்லூரியில் சேர ஆசை. அழுதும் பட்டினி கிடந்தும் பார்த்துவிட்டு, படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதி, யாருக்கும் காட்டாமல் வானொலி நிலையத்துக்கு அனுப்பினாள்.

"நாஞ் சொன்னா அப்பா கேக்க மாட்டாக. ரேடியோ சொன்னா கேப்பாகல்ல?" என்றாள் என்னிடம்.

கதை தேர்வானதாகக் கடிதம் வந்ததும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது; என்ன கதை என்று மட்டும் அவள் சொல்லவில்லை. மாமா அவளை மதுரைக்கு பஸ்ஸில் கூட்டிப்போய், அவள் குரலிலேயே பதிவு செய்துவிட்டு வந்தார்.

ஒலிபரப்பான அன்று அப்பா காட்டுக்கே போகவில்லை. மத்தியானம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். அக்காவின் பெயரைச் சொன்னார்கள், அவள் குரல் வந்தது. கதையில் வரும் பெண் தன் அப்பாவிடம் வாய்திறந்து கேட்கப்போகிற இடத்தில் குரல் கம்மி, கரகரத்து, நின்றுபோனது. நான்கு நாளாக யாருக்கும் தெரியாமல் சினிமாப் பாட்டுக் கேட்டுக் கட்டையைத் தீர்த்து, வெயிலில் காயவைத்து, ஒன்றுமறியாதவள்போலத் திரும்பப் போட்டுவைத்தவள் நான்தான்.

அப்பா ரேடியோவை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் பேசுனா" என்று எழுந்துபோனார். மீதியைச் சொல்ல அக்கா வாயைத் திறக்கவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது.

இப்போது அப்பா இல்லை. மத்தியானக் கதைக்காகக் காத்திருக்கும் வீடுகளும் இல்லை. கைப்பேசியில் எதையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம், அன்றைய அக்காவின் குரலைத் தவிர. போன வாரம், அவளைக் கட்டிக்கொடுத்த ஊரான மல்லாங்கிணற்றில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இத்தனை வருசம் கழித்து என் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கதையில் அந்தப் பிள்ளை கடைசியில் காலேஜுக்குப் போனாளா என்று கேட்டேன். அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அது அப்பா கேக்கணும்னு எழுதுனதுடி" என்றாள். "ஒனக்கெதுக்கு?"