மாஷாங்கே பாடாத சனிக்கிழமை

பாட்டெடுக்கப் போகிறார் என்றால் மாஷாங்கே முதலில் தன் கைப்பையைப் பக்கத்திலிருப்பவர் மடியில் வைத்துவிடுவார். கேட்டெல்லாம் வைப்பதில்லை. பிறகு பாவாடையைத் திருகி நேராக்குவார், எழுந்து நிற்பார், கண்ணை மூடிக்கொள்வார். முதல் வரி அவர் தனியாகப் பாடுவது. இரண்டாவது வரிக்குக் கூட்டம் முழுக்க எழுந்து ஆட ஆரம்பித்துவிடும், மடியில் பையோடு மாட்டிக்கொண்ட அந்தப் பாவப்பட்ட ஜீவனைத் தவிர. பலமுறை அந்த ஜீவன் நான்தான். பை கல்லாய்க் கனக்கும். உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "கட்சிக்காரங்க குடுத்த வாக்குறுதி பூராவும் அதுலதாண்ணே இருக்கு" என்றார்.

எமொயேனியில் ஷேர் டாக்சிகள் வந்து நிற்கிற திடலில் நான் செருப்புத் தைக்கிறேன். எனக்கு அடுத்த தகரக்கூரை அவருடையது. சொந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட ஆளில்லை. பிறந்த வீட்டுப் பெயரால் ஊருக்கே அவர் மாஷாங்கே. விடிவதற்கு முன்பே மாவு பொங்கியிருக்கும். ஒரு கிள்ளு மாவை எண்ணெயில் போட்டு, அது மேலே வந்த பிறகுதான் யாருக்கும் பதில் பேசுவார். அவர் பொரிக்கிற மாவுருண்டைக்காக டர்பன் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதல் டாக்சியை விட்டுவிட்டுக்கூட நிற்பதுண்டு. சில உருண்டைகள் அளவுக்கு மீறி ஊதி, உள்ளே காலியாக இருக்கும். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் மந்திரி. "வெளிய பாரு, என்னா பளபளப்பு. கடிச்சா ஒண்ணுமில்ல. இதுக்குப் போயி காசு வாங்குனா பாவம்" என்று சும்மாவே கொடுத்துவிடுவார்.

வெள்ளையர் ஆட்சியில் எங்கள் சவ ஊர்வலங்களில் யாரும் அரசியல் பேசக்கூடாது. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே துப்பாக்கியோடு போலீஸ் நிற்கும். மாஷாங்கே அப்போது பள்ளிக்கூடத்துச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து பாடுவார். அந்தக் குரலைக் கேட்டால் ஓட நினைத்த காலும் நின்றுவிடும். ஒருமுறை கண்ணீர்ப்புகை போட்டார்கள், இருமிக்கொண்டே பாடினார். பிறகு எங்களுக்கு ஓட்டு வந்தது. பாம்பு போல நீண்ட வரிசையில் நின்று நாங்கள் முதல் ஓட்டைப் போட்ட நாளில், இனி சாவு வீட்டில் அரசியல் பாட்டுக்கு வேலையிருக்காது என்று அவர் சொன்னார். நானும் நம்பினேன்.

எங்கள் கூட்டங்களில் ஒருவர் அறுவை போட்டால் "போதும், உட்காரு" என்று யாரும் சொல்வதில்லை. அது மரியாதைக் குறைவு. யாராவது ஒரு பாட்டை எடுப்பார்கள், எல்லோரும் எழுந்து ஆடுவார்கள். பேசுகிறவரும் சிரித்துக்கொண்டே இரண்டடி ஆடிவிட்டு உட்கார்ந்துவிடுவார். போன வருடம் வார்டு கவுன்சிலர் பதவிக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோதும் அதுதான் நடந்தது. பதவியில் இருந்த ஸொண்டி நல்ல மனிதர், ஆனால் வாய் திறந்தால் மூடத் தெரியாது. எதிர்த்து நின்றவர் லாமுலா, டெண்டர் எடுத்துப் பெருத்தவர். ஸொண்டி குடிநீர்க் குழாய் கணக்கை ஆரம்பித்துவிட்டார். எந்தக் குழாய் யாருடைய காண்ட்ராக்ட், எது மண்ணுக்குள் போகவே இல்லை என்றெல்லாம் இழுத்துக்கொண்டே போனார். வெளியே இறைச்சியும் களியும் ஆறிக்கொண்டிருந்தன. மாஷாங்கே பையை என் மடியில் வைத்தார்.

கூடம் அதிர்ந்தது. ஸொண்டியும் வயிறு குலுங்க ஆடினார், பேச்சை அங்கேயே விட்டுவிட்டார். ஓட்டெடுப்பில் ஜெயித்ததும் அவர்தான். சாப்பிடும்போது மாஷாங்கேயிடம் வந்து, குழாய் சமாச்சாரத்தின் மீதியை அடுத்த கூட்டத்தில் சொல்வேன், அப்போது பாடினால் பார் என்று மிரட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரமே தன் வீட்டு வாசலில், கேட்டைத் திறக்கக் காரிலிருந்து இறங்கிய இடத்தில் அவரைச் சுட்டுவிட்டார்கள். எனக்கும் சத்தம் கேட்டது. டாக்சி டயர் வெடித்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டு தேநீரைக் குடித்து முடித்தேன். போய்ப் பார்த்தபோது கார் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு வார்டுக்காக, ஒரு கவுன்சிலர் நாற்காலிக்காக, நம் ஆளை நம் ஆளே! ஒரு வாரம் நான் ஊசியைத் தொடவில்லை. சுட்டவன் யாரென்று போலீசுக்குத் தெரியாது. சுடச் சொன்னது யாரென்று எமொயேனியில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு. வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

மாஷாங்கே மறுநாளும் கடையைத் திறந்தார். எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது, அவர் மாவைப் போடவில்லை. நான் போய் அடுப்பை அணைத்தேன்.

"பேச விட்டிருக்கலாம்ணே" என்றார். "என்னமோ சொல்ல வந்தான். எனக்குக் கறி ஆறுதேன்னு இருந்துச்சு. பேசட்டும்னு விட்டிருந்தா ஊரு பூராக் கேட்டிருக்கும். ஊருக்கே தெரிஞ்சதுக்கப்புறம் ஒருத்தனை மட்டும் சுட்டு என்ன பிரயோசனம்?"

நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன்.

வியாழக்கிழமை லாமுலா வந்தார், இரண்டு கார்களில். அண்டாவில் இருந்த உருண்டை அத்தனையையும் தன் காவலாட்களுக்கு வாங்கினார். சனிக்கிழமை அடக்கத்தில் கட்சி சார்பில் அவர்தான் பேசுகிறாராம். காலியான இடத்துக்கும் அவர்தான் நிற்கிறாராம். எங்கள் பக்கம் எந்தத் தலைவரும் மைக் முன்னால் வெறுமனே நடந்து போவதில்லை. ஒரு பாட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நிறுத்த வேண்டும். அந்தப் பாட்டு வேறு யார் குரலில் வந்தாலும் எமொயேனி ஒப்புக்கொள்ளாது.

"உங்க மக ஸனேலே நூலகத்துலதானே இருக்கா?" என்றார் லாமுலா. "இந்த மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுதாமே. நாம பாத்துக்கலாம்மா. சனிக்கிழமை நான் எந்திரிக்கிறப்ப ஒரு பாட்டு, அவ்வளவுதான்."

மாஷாங்கே மீதிச் சில்லறையை அவர் கையில் கொடுத்தார்.

வீட்டில் ஸனேலே அழுதிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறவள். ஒரு பாட்டுதானேம்மா, பாடிவிடு, உயிரோடு இருக்கிறவர்களையும் நினைத்துப் பார் என்று கெஞ்சியிருக்கிறாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? வந்த உறவெல்லாம் அதையேதான் சொன்னது.

சனிக்கிழமை பந்தலில் எள் போட இடமில்லை. லாமுலா எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். கூட்டம் முழுக்க மாஷாங்கேயின் பையைப் பார்த்தது. பை அவர் மடியிலேயே இருந்தது, இரண்டு கையும் அதன் மேல் இருந்தன. லாமுலா சிரித்தார், காத்திருந்தார். அவர் பஸ்ஸில் ஏற்றி வந்த பையன்கள் நாலைந்து பேர் ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள். இரண்டாவது வரிக்கு யாரும் வராததால் அது அப்படியே அமுங்கிப் போனது. கடைசியில் அவர் நடந்தார். மேடைப் பலகை மேல் அவருடைய பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனையோ சாவு பார்த்த எனக்கு அப்படி ஒரு அமைதி பழக்கமில்லை.

நடந்தது நடந்தபடிதான். இடைத்தேர்தலில் லாமுலா ஜெயித்தார். எங்கள் வார்டில் கட்சிச் சின்னத்தில் கழுதை நின்றாலும் ஜெயிக்கும். நாங்கள் போட்ட ஓட்டுதான், வேறு யாரைக் குற்றம் சொல்ல? ஸனேலேக்கு வேலை போய்விட்டது. இப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் மாவு பிசைகிறாள். முதல் மாதம் பூரா அம்மாவோடு பேசவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. புதைத்துவிட்டு எல்லோரும் சாவு வீட்டுக்குத் திரும்பினோம். கை கழுவாமல் யாரும் உள்ளே போய்ச் சாப்பிடக் கூடாது. வாசலில் தண்ணீர்ப் பேசினோடு மாஷாங்கே நின்றார். ஒவ்வொருவராகக் கழுவினோம். லாமுலாவின் முறை வந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காவலாளிடம் கொடுத்தார், சட்டைக் கையை மடித்துவிட்டார், இரண்டு கைகளையும் நீட்டினார். அவருக்குப் பின்னால் தெருவே நின்றது.

மாஷாங்கே அந்தக் கைகளைப் பார்த்தார். பேசினைத் தூக்கினார். தண்ணீர் முழுவதையும் லாமுலாவின் காலடியில் மண்ணில் ஊற்றிவிட்டு, பேசினைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.