பிலோமினா அக்காவின் பயணச் சொற்கள்

ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது தொலைபேசி அடித்தது. பிலோமினா அக்கா வேலை செய்த வீட்டு எசமானி, அந்த சிஞ்ஞோரா, பேசினார். "பிலோமினா போய்விட்டாள்" என்று இத்தாலியனில் சொன்னார். எங்கே என்று கேட்டேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

மன்னாரிலிருந்து ஹொங்கொங், அங்கிருந்து இத்தாலியின் பலெர்மோ. இரண்டு ஊரிலும் அக்காவுக்கு வீட்டு வேலைதான். ஹொங்கொங்கில் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கும் முதலாளியை விமான நிலையத்துக்கும் அனுப்பிவைத்து அனுப்பிவைத்தே கன்ரனிஸ் மொழி பழகியவர்.

"வெளிக்கிடுறதுக்கு மட்டும் அவையளிட்டை எத்தினை சொல் தெரியுமே? படி தாண்டினால் 'சுட் முன்'. தூரப் பயணமெண்டால் 'ஹெய் சிங்'. அந்தப் பாஷையிலை எனக்கு மீன் விலை கேக்கத்தான் தெரியாது" என்று வுச்சீரியாச் சந்தையில் மீன் பொறுக்கியபடி சிரிப்பார்.

ஒருமுறை என் தம்பியை ரோம் ரயிலில் ஏற்றப் போயிருந்தோம். பக்கத்துப் பெட்டி வாசலில் ஒரு சீனப் பெண் கைக்குழந்தையோடு நின்று, "டாங் மாய்! டாங் மாய்!" என்று கதறினாள். ரயில் அதிகாரி அவளை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்தப் பார்த்தார். அக்கா ஓடிப்போய் ஒரு காலைப் படியிலும் மறு காலை மேடையிலும் ஊன்றிக்கொண்டார்.

"இன்னும் ஒராள் வரவேணுமாம். சேர்ந்துதான் போவினமாம்."

பொலிஸைக் கூப்பிடுவேன் என்றார் அதிகாரி. நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "அக்கா, உங்களிட்டை இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோவும் இல்லை. இறங்குங்கோ!"

"கூப்பிடட்டும். அதுக்கு முதல் அவன் வந்திடுவான்."

வந்தான். தண்ணீர்ப் போத்தலோடு மூச்சிரைக்க ஓடிவந்த அந்தக் கணவனை உள்ளே தள்ளிவிட்டுத்தான் அக்கா காலை எடுத்தார். நகர்ந்த ரயிலைப் பார்த்து, "மான் மான் ஹாங்" என்றார். ஆறுதலாகப் போங்கோ என்று அர்த்தம். அந்தப் பெண் உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தபடியே போனாள்.

அக்காவை நினைக்கக் கூடியிருக்கும் உங்களில் அவரிடம் போய்வந்த எல்லோருக்கும் ஒன்று நினைவிருக்கும். ஒரேத்தோத் தெருவில் அவர் வீடு நான்காம் மாடி, லிஃப்ற் கிடையாது. முழங்கால் வலியோடும் நம்முடன் தெருக்கதவு வரை இறங்கி வருவார். வேண்டாம் என்றால், "மேலையே நிண்டு கையாட்டினால் அது அனுப்பினதே?" என்பார்.

அந்தப் பழக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். அடக்கம் முடிந்த வாரத்தில் என் மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் புறப்பட்டாள். கூடவே இறங்கிப்போய்த் தெருக்கதவில் நின்றேன்.

"மம்மா, பஸ்தா! காணும், மேலை போங்கோ" என்று வெட்கத்தில் கத்தினாள்.

நான் போகவில்லை. அவள் வியா மக்வேதாத் தெருவில் திரும்பி மறையும்வரை கையசைத்துக்கொண்டே நின்றேன்.