கடைசி ஆணியில் தொங்கிய சாவி

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, அதை யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் கேட்டுவிட்டார்.

"என்ன படிச்சிருக்கீங்க தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மேசையில் ஃபோன் அடித்தது. எடுத்தார். மறுமுனையில் ஒருவர் கத்துவது எனக்கே கேட்டது. லிஃப்ட் நின்று எத்தனை நாள் ஆகிறது, ஆள் எப்போதுதான் வருவார், இன்றைக்கா நாளைக்கா?

இவர் கண்ணை மூடினார். மூச்சை நிதானமாக வெளியே விட்டார். பிறகு, "தெரியலைங்க," என்றார்.

மறுமுனை இன்னும் உரக்கக் கத்தியது. இவர் மறுபடியும் மூச்சை விட்டார். "உண்மையாவே தெரியலைங்க."

ஃபோனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கிளம்பிட்டாங்க, பாதி வழியில இருக்காங்கன்னு சொல்லலாம். ஆனா ஆள் அங்க உக்காந்து டீ குடிச்சிட்டிருக்காரே?"

வாசல் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த பெரிய மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். "நான் டீ குடிக்கிறதை எதுக்குய்யா ஊருக்கெல்லாம் தண்டோரா போடறே, தர்மரே?"

அப்படித்தான் அவர் எனக்கு அறிமுகமானார். என் படிப்பைப் பற்றிய கேள்வி அந்தரத்திலேயே நின்றுபோனது.

பாண்டவர்களில் மூத்தவரின் பெயரை அவருக்குச் சூட்டியவர் பெரிய மெக்கானிக். காரணம் ஒரு மெல்லிய புத்தகம். சில வருடங்களுக்கு முன் முதுகுவலிக்காக யோகா வகுப்புக்குப் போனாராம். அங்கே கொடுத்த புத்தகத்தில் உடம்பை வளைப்பதற்கு முன்னால் வேறு சில படிகள் இருந்தன. துன்புறுத்தாதே, பொய் சொல்லாதே, அடுத்தவர் பொருளை எடுக்காதே, தேவைக்கு மேல் சேர்க்காதே. இவர் முதல் படியிலேயே நின்றுவிட்டார். வகுப்பை விட்டார், புத்தகத்தை விடவில்லை.

"உடம்பை வளைக்கப் போனவர், வளையாத மனுஷனா திரும்பி வந்தார்," என்பார் அவர் மனைவி. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்கள் நாலாவது மாடியில் குடியிருந்த கட்டடத்திலேயே எனக்கும் இரண்டாவது மாடியில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தது தர்மர்தான். அதனால் எனக்கு அவர் அண்ணன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. நாங்கள் பார்க்கிற ஒவ்வொரு கட்டடத்தின் மொட்டை மாடியிலும் லிஃப்டின் இயந்திர அறை இருக்கும். அதன் சாவி ஒன்று எங்களிடம் இருக்கும். புகார் வந்ததும் அந்தச் சாவியைச் சுவர்ப் பலகையில் அடுத்த காலி ஆணியில் மாட்ட வேண்டும். காலையில் வரும் மெக்கானிக் இடது ஓரத்து முதல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மற்ற சாவிகள் ஓர் ஆணி முன்னே நகரும். அவ்வளவுதான் சட்டம்.

ஆனால் சாவிகளுக்குக் கால் முளைப்பது வழக்கமாக இருந்தது. சாயங்காலம் ஆறாவது ஆணியில் இருந்தது, விடிந்தால் முதல் ஆணியில் சிரித்துக்கொண்டு தொங்கும். யாரோ யாருக்கோ வேண்டியவர். பலகை தர்மர் கைக்கு வந்த பிறகு அது நின்றது. மேனேஜரின் மச்சினன் குடியிருந்த கட்டடத்தின் சாவி ஒருநாள் முன்னால் நகர்ந்தபோது, இவர் எழுந்து போய் அதைப் பழைய இடத்திலேயே மாட்டினார்.

"அது என் மச்சினன் கட்டடம்யா," என்றார் மேனேஜர்.

"தெரியும் சார். அவர் அஞ்சாவது ஆணி."

அந்த வாரம் முழுக்க மேனேஜருக்கு வீட்டில் ஆறிப்போன சாப்பாடுதான் கிடைத்தது என்று பெரிய மெக்கானிக் சொல்லித் திரிந்தார். எனக்கோ எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. பரிந்துரைக்கு ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வரிசை ஒன்றுதான் சொந்தக்காரன். நான் கல்லூரிக்குள் நுழைந்ததே அப்படி ஒரு வரிசையில் நின்றுதான்.

அண்ணிக்கு நூலகத்தில் உதவியாளர் வேலை வந்தது அந்தச் சமயத்தில்தான். பரீட்சை எழுதிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த வேலை. குறித்த திங்கட்கிழமை காலை நேரில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போய்விடும். செய்தி வந்த சந்தோஷம் அடங்குவதற்குள், கடைத்தெருவில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். முழங்கால் வரை மாவுக்கட்டு. அந்தக் காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர்.

"நூலகத்துல உக்காந்து பார்க்கிற வேலைதானே? கீழ இறங்கிட்டா போதும், வண்டியில போய்க்கலாம்," என்று அண்ணி தைரியமாகத்தான் இருந்தார். வேலையில் சேர வேண்டியதற்கு முந்தைய திங்கட்கிழமை எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றது. அதை இயக்கும் மின் பேனல் எரிந்து கருகிவிட்டது.

எங்கள் படிக்கட்டு ஒடுக்கமானது. நாற்காலியில் வைத்துத் தூக்கலாமா என்று நானும் காவலாளியும் காலி நாற்காலியை எடுத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். திருப்பத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டது. நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் காவலாளியும் மாட்டிக்கொண்டார்.

"விடுங்க தம்பி," என்று மேலிருந்து அண்ணி சிரித்தார். "உங்க அண்ணன் வெள்ளிக்கிழமைக்குள்ள நம்ம முறை வந்துடும்னு சொல்லியிருக்கார். அவர் வாயிலிருந்து ஒரு தேதி வந்து நான் கேட்டதே இல்லை. வந்துடுச்சுன்னா நடக்கும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எங்கள் கட்டடச் சாவியைத் திங்கட்கிழமை நாலாவது ஆணியில் மாட்டியதை நானே பார்த்தேன். பேனலும் ஸ்டோரில் ஒன்று இருந்தது. புதன்கிழமை நான் வெளிவேலையாகப் போனேன். வியாழக்கிழமை யாரும் எங்கள் கட்டடத்துக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியமும் வரவில்லை.

அப்போது தர்மரின் மேசையில் ஃபோன் அடித்தது. அண்ணி.

வீட்டு எண்ணிலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து, புகார் எண்ணுக்கே கூப்பிட்டிருந்தார். குரல் என் மேசை வரை கேட்டது.

"வணக்கம் சார். நான் ஒரு வாடிக்கையாளர் பேசறேன். எங்க கட்டடத்து லிஃப்ட் ஓடலை. ஆள் எப்ப வருவாங்க?"

அண்ணன் கண்ணை மூடி மூச்சை விட்டார். "தெரியலை... மா."

"சரி, அது தெரியலை. எங்க சாவி எத்தனையாவது ஆணியில இருக்கு? அது தெரியுமில்ல?"

அண்ணன் பலகையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பொய் சொல்லத் தெரிந்த எவனும் தப்பித்திருக்கக்கூடிய இடம் அது. "ரெண்டாவது" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் அதை இரண்டாவது ஆணியில் மாட்டியிருக்கலாம்.

"கடைசி," என்றார்.

அந்தப் பக்கம் ஃபோனை வைக்கும் சத்தம் கேட்டது.

"யாருண்ணே மாத்தினது?" என்று நான் எழுந்தே விட்டேன். பெரிய மெக்கானிக்கைத்தான் சந்தேகப்பட்டேன்.

"என்னை ஏன்டா முறைக்கிறே?" என்றார் அவர். "உங்க அண்ணனைக் கேளு. புதன்கிழமை காலையில அந்தச் சாவியை எடுத்துட்டுத்தான் நான் கிளம்பினேன். வெடுக்குனு கையிலிருந்து பிடுங்கிக் கடைசியில மாட்டினார். அடுத்த சாவியைக் கொடுத்தார். ஏதோ காரணம் இருக்கும்னு நினைச்சேன்."

காரணம் சாயங்காலம் நாலாவது மாடியில் வெளிவந்தது. நான் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் போனேன். அண்ணி என்னை உட்காரச் சொன்னார். "இருங்க தம்பி. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

மாவுக்கட்டுக் கால் ஸ்டூலின் மேல் இருந்தது. எதிரே அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"புதன்கிழமை பலகையைப் பார்த்தேன்," என்றார் அண்ணன். "எப்படியோ முன்னாடி இருந்த ரெண்டு கட்டடத்துல லிஃப்ட் தானாவே ஓட ஆரம்பிச்சு, நம்ம சாவி சீக்கிரமே முதல் ஆணிக்கு வந்திருந்துச்சு. எனக்குள்ள ஒரு சந்தோஷம். அப்புறம் ஒரு சந்தேகம். முந்தின நாள் சாயங்காலமே இதை முன்னாடி நகர்த்திடலாமான்னு நான் நினைச்சிருந்தேன். கையைக்கூட நீட்டிட்டேன். நகர்த்தலை. ஆனா நினைச்சேன். புத்தகத்துல சொல்லியிருக்கு, தப்பான எண்ணம் தலைதூக்கினா அதுக்கு எதிரானதை வளர்க்கணும்னு. அதான்..."

"அதான்?"

"முன்னாடி நகர்த்தணும்னு தோணுச்சு. அதனால பின்னாடி நகர்த்தினேன்."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அண்ணி முட்டவில்லை, கத்தவுமில்லை.

"அந்தப் புத்தகத்துக்கு அட்டை போட்டவளே நான்தாங்க. நானும் படிச்சிருக்கேன். எண்ணத்துக்கு எதிர் எண்ணம்னு போட்டிருக்கு. ஆணிக்கு எதிர் ஆணின்னா போட்டிருக்கு?"

அண்ணன் மூச்சை வெளியே விட்டார்.

"மூச்சை விடாதீங்க. பதில் சொல்லுங்க. அடுத்தவங்க பொருளை எடுக்கக்கூடாது, அதுதானே உங்க விரதம்? இது யாரோட கால்? என் கால். யாரோட வேலை? என் வேலை. அப்ப அந்த முறை யாரோடது? என்னோடதை எடுத்து ஊருக்குக் கொடுத்துட்டு வந்திருக்கீங்களே, அதுக்கு என்ன பேரு? தானமா?"

"நான் என்னோடதுன்னு நினைச்சுத்தான்..."

"உங்களுக்குத் தர்மர்னு பேர் வச்சவன் வாய்க்குச் சக்கரை போடணும். அந்தச் சூதாட்ட சபையில தர்மரோட பொண்டாட்டி ஒரு கேள்வி கேட்டாளே, ஞாபகம் இருக்கா? தன்னையே தோத்துட்ட மனுஷனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமைன்னு. அவராவது ஆடித் தோத்தார். நீங்க ஆடாமலே தோத்துட்டு வந்து உக்காந்திருக்கீங்க. அந்தச் சபையில யாராவது பதில் சொன்னாங்களா? பெரியவங்க எல்லாரும் தரையைப் பார்த்துட்டு இருந்தாங்க."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. நான் போனபோது அண்ணன் எனக்கு முன்பே வந்திருந்தார். எங்கள் கட்டடச் சாவி முதல் ஆணியில் தொங்கியது. அவரே மாட்டியிருந்தார். முகம் வெளிறிப்போய், திருடிவிட்டுப் போலீஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

பெரிய மெக்கானிக் உள்ளே வந்தார். பார்த்தார். ஒரு கேலி வார்த்தை சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டோருக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"பேனல் இல்லை."

"ஒண்ணு இருந்துச்சே?" என்றார் அண்ணன்.

"இருந்துச்சு. புதன்கிழமை உன் சாவிக்குப் பதிலா இன்னொண்ணைக் கொடுத்தியே, அங்க மாட்டிட்டேன். அந்த சோபா கடை."

"எத்தனை மாடி அது?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டே மாடி. மேல சோபாதான் உக்காந்திருக்கு. அதுக்கு எங்க போகணுமாம்?" பெரிய மெக்கானிக் சாவியை மேசைமேல் வீசினார். "ஏன்யா, தங்கச்சிக்குக் கால் உடைஞ்சிருக்குன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா, அந்த பேனலை நான் எடுத்திருப்பேனா? புதுசு வர இன்னும் ஒரு வாரம் ஆகும்."

அண்ணன் இந்த முறை கண்ணை மூடவில்லை. விரதத்தையும் உடைத்தாயிற்று, லிஃப்டும் ஓடவில்லை.

திங்கட்கிழமை காலை அண்ணி நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டார். தலை வாரிக்கொண்டார். பழைய போர்வை ஒன்றை மடித்துப் படியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் ஊன்றி, மாவுக்கட்டுக் காலை முன்னால் நீட்டி, ஒரு படி இறங்கினார். போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு படி.

அண்ணன் பிடிக்கப் போனார். "தொடாதீங்க. ஊன்றுகோலைக் கொண்டாங்க, போதும்."

கதவுகள் திறந்தன. மூன்றாவது மாடி அக்கா பதறினார். "என்னம்மா இது?"

"சறுக்குமரம்க்கா. சின்ன வயசுல விளையாட விடலை."

முதல் மாடித் திருப்பத்தில் உள்ளங்கை உரிந்துவிட்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கினார். நான் முன்னால் ஓடி வண்டிக் கதவைத் திறந்து வைத்தேன். ஊன்றுகோல்களை அக்குளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்த அண்ணனைப் பார்க்க, பாண்டவர்களின் அந்தக் கடைசி மலைப்பயணக் கதைதான் நினைவுக்கு வந்தது. அதில் மனைவி வழியில் விழுவாள். தர்மர் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போவார். இங்கே அண்ணி வண்டியில் ஏறி உட்கார்ந்து, நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் வரட்டுமா?" என்றார் அண்ணன்.

"எத்தனை மணிக்குத் திரும்பி வருவீங்கன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. உங்களுக்குத் தெரியலைன்னு சொல்ல வேண்டியிருக்கும். வேண்டாம்." பிறகு என்னிடம், "தம்பி, ஏறுங்க," என்றார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அன்று சாயங்காலம் அண்ணி திரும்பி வரவில்லை. நூலகத்துக்கு அடுத்த தெருவில் அவருடைய அக்கா வீடு, தரைத்தளம். இந்தக் காலோடு மறுபடி மேலே ஏற முடியாது என்று சொல்லியனுப்பினார். லிஃப்ட் அடுத்த வாரம் ஓடத் தொடங்கியது. மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகும் அவர் வரவில்லை.

அண்ணி இப்போது நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் இருக்கிறார். அக்கா வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போகிறார், லேசாகக் காலைச் சாய்த்து. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். சாவிப் பலகையை, மேனேஜரிடம் தானே கேட்டு, என்னிடம் ஒப்படைத்துவிட்டார். ஃபோன் மட்டும் அவரிடம் இருக்கிறது. "தெரியலைங்க" என்றுதான் இன்னமும் சொல்கிறார். நாலாவது மாடியில் தனியாக இருக்கிறார். லிஃப்ட் ஓடுகிறது, அவர் படியில்தான் ஏறுகிறார்.