அகழியைத் தூர்த்த சீமாட்டி

பிரான்சில் இருக்கும் அந்தப் பழங்காலக் கோட்டையை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அதை நினைத்தால் நன்றியால் மனசு நிறைந்துவிடுகிறது.

அப்பா போன பிறகு அம்மா சோற்றைத் தொடவில்லை. நடுவட்டம் தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர், காந்தலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டார். கெஞ்சினேன், கத்தினேன். எனக்குப் பொறுமை மட்டு. தட்டை நங்கென்று வைத்ததும் உண்டு.

என் அக்காவுக்கு அந்தக் கோட்டையில் துப்புரவு வேலை. லீவு கிடைக்காமல் அப்பாவின் காரியத்துக்கே அவளால் வர முடியவில்லை. அந்தத் தவிப்பில் தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். அங்கே காலை, இங்கே சோற்று நேரம். பேச எதுவும் கிடைக்காமல் கோட்டையைக் காட்டத் தொடங்கினாள். அம்பு விடுவதற்காகச் சுவரில் வைத்த ஒடுக்கமான இடுக்குகள், சண்டைக் காலம் ஓய்ந்ததும் சுவரை உடைத்து வைத்த பெரிய ஜன்னல்கள், கீழே ரோஜாப் பாத்திகள்.

ஒரு நாள் அம்மா இந்தப் பக்கம் திரும்பினார். "கோட்டையச் சுத்தியும் தண்ணி இருந்துச்சுன்னியே, எங்க புள்ள?"

"அதுதாம்மா இந்தத் தோட்டம்" என்றாள் அக்கா. கோட்டைக்காரர் போருக்குப் போய்த் திரும்பவில்லையாம். அவர் மனைவி வெகுநாள் அறையை விட்டே வரவில்லையாம். பிறகு ஒருநாள் எழுந்து, இனி யாருக்குப் பயந்து இந்த அகழி என்று மண் கொட்டித் தூர்த்து, தோட்டம் போட்டாராம். தினம் கொஞ்சமாகச் சொன்னாள். கேட்டபடியே அம்மா ஒரு வாய், இரண்டு வாய் என்று சாப்பிட்டார். போகப் போக எழுந்து கடைக்கும் நடந்தார். எந்தச் சாமியையும் கும்பிடாத நான் அந்தச் சீமாட்டிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

சீமாட்டியின் படம் இருந்தால் அனுப்பு என்று அக்காவிடம் தனியாகக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அப்படி யாருமே இல்ல. அகழி தானாத் தூர்ந்துபோச்சு. தோட்டம் வெகுகாலம் கழிச்சு வேற யாரோ போட்டது. அம்மா சாப்பிடட்டுமேன்னு நானே கதை கட்டிவிட்டேன்."

என் வாயில் எதுவும் நிற்காது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் அன்றே உளறிவிட்டேன். அம்மா நிமிரக்கூட இல்லை.

"அந்தச் சீமாட்டிக்கும் ரெண்டு பொண்ணு, பெரியவ தூர தேசத்துலன்னு உங்கக்கா சொன்னப்பவே தெரியுமே."

"அப்புறம் எதுக்கும்மா தினமும் கேட்டுட்டிருந்த?"

"அப்பன் மொகத்தக் கடைசியாப் பாக்கக்கூட முடியாத புள்ள. நான் ஒரு வாய் தின்னா அவ மொகம் தெளியுது கண்ணு. அதுக்குத்தான் தின்னேன். எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிப்போடாத."