பாய் விரித்த சைக்கிள்

புயல் எங்கள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோய்விட்டது. புதிதாக வேய முத்துப்பேட்டையில் முதல் தகரத்தை வாங்கினோம்.

“சைக்கிள்ல படுக்கப்போட்டுக் கட்டுங்க, தள்ளிக்கிட்டே போயிடலாம்” என்றாள் மனைவி.

நான் படகுக்காரன். பின்னாலிருந்து அப்படியொரு காற்று வீசும்போது எதற்கு மிதிப்பது? தகரத்தைப் படகுப் பாய்போலக் கேரியரில் நிமிர்த்தி இறுக்கிக் கட்டி, ஏறி உட்கார்ந்தேன்.

சைக்கிள் பறந்தது. எதிரே வந்த பஸ் டிரைவருக்குக் கையசைத்தேன்.

மதகருகே ரோடு திரும்பியது; காற்று திரும்பவில்லை. பிரேக்கும் பிடிக்கவில்லை. பாயை இறக்கலாமென்றால் முடிச்சு அவிழவில்லை. வாய்க்கால் சேற்றில் விழுந்தேன். தகரம் பிய்த்துக்கொண்டு, என் காதை உரசிப் போய்க் கட்சிக் கொடிக்கம்பத்தில் மோதி நின்றது.

ஓடிவந்தவள் என் கழுத்தைத் தடவிப் பார்த்த பிறகுதான் திட்டினாள்.

மீதித் தகரங்களையெல்லாம் படுக்கப்போட்டுக் கட்டி, தள்ளிக்கொண்டுதான் வந்தேன். கூரை வேய்ந்தபோது அந்தத் தகரத்துக்கு மட்டும் கூடுதலாக ஆணி அடிக்கச் சொன்னாள்.

“அதுக்குப் பறந்து பழகிப்போச்சு.”