பட்டன் தேயாத டயர்

டயரின் பக்கவாட்டு வெடிப்புக்குள் டயர்கடை நாகராசுவின் கட்டைவிரல் நகம் முழுதாக இறங்கியது.

"மேலே ரோட்டுல படுற பட்டன் தேயலையேண்ணே, அதை நம்பித்தானே ஓட்டிட்டுப் போனாரு!" என்றாள் சத்யா.

அவள் கணவன் பிரசாந்த் ஆசையாக வாங்கிய பழைய மஸ்டாங் கார், வருடக்கணக்கில் ஷெட்டிலேயே நின்றது. நின்றே காய்ந்த டயர் வல்லத்திராக்கோட்டை அருகே வெடித்தது. அவனுக்கு இடுப்புக்குக் கீழே இப்போது உணர்வில்லை.

"டயர் மாத்தச் சொல்லி நச்சரிக்கிறாரு. இனி எங்க ஓட்டப்போறாரு? வேன் டயர் எதையாவது மாட்டுங்க."

நாகராசு கேட்கவில்லை. ரிம்முக்கு ஏற்ற அகலம், பழைய டயரின் உயரம், தாங்கும் வேகம், தயாரித்த வருடம் எல்லாம் பார்த்து, சென்னையிலிருந்து வரவழைத்தார். மாட்டியதும் எலுமிச்சம்பழங்கள்மீது வண்டியை ஏற்றி நசுக்கினார்.

கட்டிலில் கிடந்தவன் கையை நீட்டினான். "இனி வெடிக்காதுல்லண்ணே?"

"வெடிக்காதுப்பா," என்று நாகராசு சாவியை அந்தக் கையில் வைத்தார்.