கரிக்கோடும் காப்பி இலையும்

இன்று மூன்று மூட்டை காப்பியோடு பதுளைக்குப் போனேன்.

அங்கே காப்பி வாங்கும் கடைக்கார நானா வாராவாரம் காப்பி விலையைச் சுவரில் கரிக்கோடாக இழுத்து வைப்பவர்.

"பாருங்க, மூணு வாரமா கோடு எறங்குது. இன்னும் எறங்கும். இன்னைக்கே எனக்கு வித்துருங்க."

கூட வந்த கங்காணி சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"லுணுகலைப் பக்கம் காப்பி இலைக்கு அடியில மஞ்சப்பொடி மாதிரி நோய் அப்பியிருக்கு. அடுத்த வருசம் காயே இருக்காது. வெல ஏறும், விக்காதீங்க."

"இலைக்கு என்னங்க தெரியும்? வெலைய கோடுதான் சொல்லும்!" என்ற நானா, வியர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றினார்.

தொப்பிக்குள்ளிருந்து ஒரு காப்பி இலை விழுந்தது. அடியெல்லாம் அதே மஞ்சள்பொடி.

மூட்டைகளை மறுபடி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

உங்கள் காப்பியை விலைக்குக் கேட்பவரின் தொப்பிக்குள் என்ன இருக்கிறது, பார்த்தீர்களா?